மார்கழியில் வைத்த வாடகை: ஆழ்வார்பேட்டை அச்சகக் கட்டடம் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

சென்னை ஆழ்வார்பேட்டையில் டி.டி.கே. சாலையிலிருந்து பிரியும் தெரு ஒன்றில், பழைய பங்களாவுக்குப் பின்னால் ஓர் அச்சகக் கட்டடம். 1950களில் கட்டியது. கூரையைத் தாங்க இரும்புச் சட்டம் (டிரஸ்), மேலே மங்களூர் ஓடு, தரையில் கடப்பா கல். கல்யாணப் பத்திரிகை, சபா நிகழ்ச்சி நிரல், காலண்டர் என்று இரண்டு தலைமுறை ஓடிய தொழில் நின்றுபோய் எட்டு வருடம் பூட்டியே கிடந்தது. உரிமையாளர் இருவர். அண்ணன் முன்வீட்டில் குடியிருக்கிறார், தங்கை சிங்கப்பூரில். ஆளுக்குப் பாதி.

இடித்துவிட்டு அடுக்ககம் கட்டலாம் என்று பில்டர்கள் வராமல் இல்லை. தங்கைக்கு மனம் வரவில்லை. உயரமான கூரை, ஓடு, இரும்பு எல்லாவற்றையும் அப்படியே வைத்து, உள்ளே தரைக்கும் கூரைக்கும் நடுவே இடைத்தளம் போட்டு நான்கு லாஃப்ட் வீடுகளாக மாற்றி வாடகைக்கு விடலாம் என்பது அவருடைய யோசனை. 2022 மழைக்காலத்துக்கு முன் வேலை முடிந்தது. அதன் பிறகுதான் வாடகை, பராமரிப்பு நிர்வாகத்தை என்னிடம் ஒப்படைத்தார்கள். சம்பந்தப்பட்டவர்களின் பெயர்களை இங்கே தரவில்லை.

கட்டடத்தை மாற்றிய விதம்

பின்னால் வந்த சிக்கல்கள் அத்தனைக்கும் அளவுகளில்தான் வேர் இருக்கிறது. அதனால் அவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன்.

கூடத்தின் நீளம் 72 அடி, அகலம் 40 அடி. குறுக்கே சுவர் எழுப்பி, 18 அடிக்கு ஒரு வீடாக நான்கு வீடுகள். ஓட்டுக் கூரை பக்கச்சுவரில் 16 அடி உயரத்தில் தொடங்கி நடுவில் 24 அடி வரை ஏறுகிறது. ஒவ்வொரு வீட்டிலும் பின்பக்கம் 13 அடி ஆழத்துக்கு இரும்புச் சட்டத்தில் இடைத்தளம். கட்டில் அங்கே, கூடம், சமையலறை, குளியலறை கீழே.

இடைத்தளத்துக்குக் குறைந்தது 2.2 மீட்டர் உயரம் வேண்டும், அதன் பரப்பு தளப்பரப்பில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்கிறது தேசிய கட்டட விதித்தொகுப்பு. வடிவமைத்தவர் இரண்டையும் சரியாகக் கடைப்பிடித்திருந்தார். பின்சுவரை ஒட்டி நின்றால் தலைக்கு மேல் ஏழேகால் அடி, அதாவது சரியாக அந்த 2.2 மீட்டர். விதிப்படி குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்த இடத்தில் கையைத் தூக்கினால் ஓடு கையில் தட்டும். கட்டிலின் தலைமாடும் அங்கேதான்.

வெளிச்சத்துக்காக ஒவ்வொரு கட்டிலுக்கும் மேலே ஆறு கண்ணாடி ஓடுகள் பதித்திருந்தார்கள். காலை வெயில் சதுரம் சதுரமாக மெத்தையில் விழும். விளம்பரத்துக்கு எடுத்த படங்களில் எல்லோரும் மயங்கியது இந்தக் காட்சியில்தான்.

முதல் வாடகை எப்படி நிர்ணயமானது

வீடுகள் தயாரானது ஐப்பசியில். கார்த்திகை முழுக்க மழை. மார்கழியில் ஊர்க்காரர்கள் யாரும் புது வீட்டுக்குக் குடி போக மாட்டார்கள். ஆனால் ஆழ்வார்பேட்டைக்கு மார்கழியில் வேறொரு கூட்டம் வரும். கச்சேரி சீசனுக்காக வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் மியூசிக் அகாடமி, நாரத கான சபா பக்கம் நடந்து போகிற தூரத்தில் ஒரு மாதத்துக்கு இடம் தேடுவார்கள். இரண்டு வீடுகளைச் சாமான்களோடு கேட்டார்கள். மாதம் 1,10,000 ரூபாய், பேரம் இல்லாமல். (வெளிநாட்டுப் பாஸ்போர்ட்காரரைத் தங்கவைத்தால் 24 மணி நேரத்துக்குள் அவர் தங்கும் விவரத்தைப் படிவம் சி-யில் பதிய வேண்டியிருந்தது. வீட்டைச் சீசனுக்கு விடுகிற பலர் இது ஹோட்டல்களுக்கு மட்டும்தான் என்று நினைத்திருக்கிறார்கள்.)

வந்தவர்கள் வீட்டைக் கொண்டாடினார்கள். டிசம்பர் ராத்திரியில் ஓட்டுக்கூரைக்குக் கீழே சிலுசிலுவென்று இருக்கும், மின்விசிறிகூடத் தேவைப்படாது. அண்ணன் அதைப் பார்த்துவிட்டு நிரந்தர வாடகையை 72,000 என்று வைத்தார். அப்போது அதே தெருவில் இரண்டு படுக்கையறை ஃபிளாட்டுக்குக் கேட்டுக்கொண்டிருந்தது 50,000. "இந்த மாதிரி வீடு மெட்ராஸ்ல எங்க இருக்கு, தம்பி? கொடுப்பாங்க" என்றார். கொடுக்கவும் செய்தார்கள். தை பிறந்ததும் மூன்று வீடுகளுக்கு ஆள் வந்தாயிற்று. முதல் வீட்டில் ஐ.டி. வேலையில் இருக்கும் தம்பதி. கணவருக்கு வீட்டிலிருந்தே வேலை. இரண்டாவதில் ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர், தனியாக. மூன்றாவதில் விளம்பரப் படம் எடுக்கும் இளைஞர். நான்காவதைச் சீசன் வீடாகவே வைத்துக்கொண்டார்கள்.

முன்பணத்தில் இழுபறி ஏற்பட்டது. பத்து மாத அட்வான்ஸ் என்பது சென்னை வழக்கம் என்றார் அண்ணன். தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் வேறாகச் சொல்லாதவரை மூன்று மாத வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது. எழுதிக்கொண்டு பத்து மாதம் வாங்க வழி இருந்தது. ஆனால் 72,000க்குப் பத்து மாதம் என்றால் ஏழு லட்சத்துக்கு மேல். அதை முடக்கிப் போடத் தயாராக இருப்பவர் லாஃப்ட் வீட்டை ஏன் தேடப்போகிறார்? மூன்று மாதம் என்று முடிவானது. ஒப்பந்தங்களை வாடகை அதிகார அமைப்பில் பதிந்து பதிவு எண்ணும் வாங்கிவிட்டோம்.

தங்கை வெளிநாட்டில் இருப்பதால் வரிப்பிடித்தத்திலும் ஒரு கண்ணி இருந்தது. வெளிநாடுவாழ் உரிமையாளருக்கு வாடகை தரும் குடித்தனக்காரர் அந்தப் பங்கில் 31.2 சதவீதம் பிடித்துக் கட்ட வேண்டும். அதற்கு அவர் தனியாக வரிப்பிடித்த எண் (TAN) ஒன்றும் வாங்க வேண்டும். வாடகைக்கு வருகிறவரிடம் இதைச் சொன்னால் பாதிப் பேர் திரும்பிப் போய்விடுவார்கள். குறைந்த விகிதத்தில் வரி பிடிக்க அனுமதிக்கும் சான்றுக்குத் தங்கை விண்ணப்பித்தார். குடித்தனக்காரர்களுக்கான பதிவு வேலைகளை எங்கள் ஆடிட்டரை வைத்து, எங்கள் செலவிலேயே முடித்துக் கொடுத்தோம்.

கோடையில் கண்டது

மாசி வரை புகார் இல்லை. பங்குனிக் கடைசியில் முதல் வீட்டிலிருந்து ஃபோன் வந்தது: ஏ.சி. சரியாக வேலை செய்யவில்லை. மெக்கானிக் பார்த்துவிட்டு, கேஸ் சரியாக இருக்கிறது, மெஷின் நன்றாக இருக்கிறது என்றார். பத்து நாளில் மற்ற இரண்டு வீடுகளிலிருந்தும் அதே புகார். மூன்று மெஷின் ஒரே சமயத்தில் கெட்டுப்போகாது.

மே மாதம், கத்திரி வெயில் தொடங்கிய வாரத்தில், மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக இரண்டு வெப்பமானிகளை வைத்துப் பார்த்தேன். பிற்பகல் மூன்று மணிக்கு, ஏ.சி. இல்லாமல், கீழே 34 டிகிரி, மேலே 41. ஓட்டின் அடிப்பக்கத்தைத் தொடாமல் அளக்கும் கருவியில் பார்த்தால் 52. ஒன்றரை டன் ஏ.சி.யை முழு வேகத்தில் ஓட்டியும் மேல்தளம் இரவு ஒரு மணிக்குத்தான் 29க்கு இறங்கியது. பகல் முழுக்கச் சூடேறிய களிமண் ஓடு நடுராத்திரி வரை அந்தச் சூட்டைக் கீழே விட்டுக்கொண்டிருக்கும். ஏ.சி. காற்றைக் குளிர்விக்கும், ஏழடி மேலே இருந்து உடம்பில் இறங்கும் அனலை அதனால் தடுக்க முடியாது. கண்ணாடி ஓடுகள் வழியாக நேர் வெயில் வேறு மெத்தையில் விழுந்தது.

வழக்கமாக இந்தப் பகுதிக்குப் பிற்பகலில் கடல்காற்று வரும். இந்தக் கட்டடத்துக்கு வராது. கிழக்கே முன்வீடு மறைக்கிறது. மேல்தளத்தில் காற்று வெளியேற வழியும் வைக்கவில்லை. அச்சகம் ஓடிய காலத்தில் உச்சியை ஒட்டி இரண்டு முனையிலும் காற்றுத் துவாரங்கள் இருந்தன. மழைச்சாரல் அடிக்கிறது என்று மாற்றும்போது அடைத்துவிட்டார்கள்.

அண்ணன் இதை நம்பவில்லை. "நாங்க இதுல சின்ன வயசுல ஓடி ஆடினவங்க" என்றார். அச்சகத்தில் அவர்கள் ஓடி ஆடியது தரையில். ஒன்பதடி உயரத்தில் யாரும் படுத்ததில்லை. முதல் வீட்டு மனைவி கோபப்படாமல் சொன்னார்: "அங்கிள், ஒரு நாள் மத்தியானம் எங்க வீட்டுல மேல உக்காந்து காபி சாப்பிடுங்க." மறுநாள் மூன்று மணிக்கு வந்தார். படியேறிக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். காபி வருவதற்குள் கண்ணாடியைக் கழற்றி மேல்துண்டால் முகத்தைத் துடைத்தார். பின்சுவர் ஓரம் போய் ஓட்டில் உள்ளங்கையை வைத்துப் பார்த்து உடனே எடுத்துக்கொண்டார். காபியைக் கீழே வந்துதான் குடித்தார். அதற்குப் பிறகு வெயிலைப் பற்றி அவரிடம் வாதம் செய்ய வேண்டியிருக்கவில்லை.

இன்னொரு குறையும் அப்போதுதான் தெரிந்தது. வீடுகளுக்கு இடையிலான சுவர் ஓட்டைத் தொடும் இடத்தில், ஓட்டைத் தாங்கும் ரீப்பர் கட்டைகளுக்கு நடுவே இடைவெளி இருந்தது. விளம்பரக்காரர் ராத்திரி இரண்டு மணிக்கு ஃபோன் பேசினால் பேராசிரியருக்கு வார்த்தை வார்த்தையாகக் கேட்கும்.

மின்கட்டணக் கணக்கு

அச்சகத்துக்கு இருந்தது ஒரே மின் இணைப்பு. அதை வீட்டுக் கட்டண வகைக்கு மாற்றினார்கள். ஆனால் நான்கு வீடு என்பதால் தனித்தனி இணைப்புக்குக் கட்டட நிறைவுச் சான்று கேட்டார்கள். அது வரும்வரை ஒரே மீட்டர், உள்ளே சப்-மீட்டர். குளிர்காலத்தில் யாரும் கவனிக்கவில்லை.

சித்திரை, வைகாசி பில்லில் நான்கு வீட்டுக்கும் சேர்த்து 3,600 யூனிட். 2022 செப்டம்பர் கட்டண விகிதப்படி இரண்டு மாதத்தில் ஆயிரம் யூனிட்டுக்கு மேல் போகும் ஒவ்வொரு யூனிட்டும் 11 ரூபாய், அதற்குக் கீழே படிப்படியாகக் குறைவு. மொத்தம் 35,150. ஒரு வீட்டின் பங்கு 900 யூனிட் என்றால் சுமார் 8,800 ரூபாய். அதே 900 யூனிட் தனி மீட்டரில் ஓடியிருந்தால் இலவச 100 யூனிட் கழிந்து 5,550தான் வந்திருக்கும். முதல் வீட்டுக் கணவர் இந்தக் கணக்கை ஒரு தாளில் போட்டு அனுப்பினார். ஒரு பைசா பிசகில்லை. தனி மீட்டர் வரும்வரை வித்தியாசத்தை உரிமையாளர்களே ஏற்பது என்று அன்றைக்கே முடிவு செய்தோம். அந்தத் தொகைக்காகச் சண்டை போட்டிருந்தால் பேராசிரியரும் போயிருப்பார்.

காலி செய்தவர்களும் முன்பணமும்

விளம்பரக்காரர் ஜூன் கடைசியில் போய்விட்டார். தம்பதி ஆடி பிறப்பதற்குள் வேறு வீடு போக வேண்டும் என்று முறைப்படி நோட்டீஸ் கொடுத்து, ஜூலை நடுவில் காலி செய்தார்கள். சரியாக ஆறு மாதம். பேராசிரியர் மட்டும் கீழே கூடத்தில் ஒரு கயிற்றுக்கட்டிலைப் போட்டுக்கொண்டு இருந்துவிட்டார்.

தம்பதியின் முன்பணம் 2,16,000. அதில் ஒரு மாத வாடகையை, 72,000 ரூபாயை, பெயின்ட் அடிக்கப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்றார் அண்ணன். சென்னையில் இது ஊரறிந்த பழக்கம். ஆனால் எங்கள் ஒப்பந்தத்தில் அப்படி ஒரு வரி கிடையாது. எழுதாத இடத்தில் வாடகைச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை பேசும்: சுவருக்கு வெள்ளையடிப்பதும் கதவு ஜன்னலுக்குப் பெயின்ட் அடிப்பதும் உரிமையாளர் பொறுப்பு. குழாய் வாஷர் மாற்றுவது போன்ற சில்லறை வேலைகள்தான் குடியிருப்பவர் தலையில் விழும். கழிக்க வேண்டியதைக் கழித்து ஒரு மாதத்துக்குள் முன்பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்பதும் சட்டத்தில் இருக்கிறது.

"ஊர் வழக்கம்னு ஒண்ணு இருக்குல்ல, தம்பி?"

"இருக்கு சார். அதை ஒப்பந்தத்துல எழுதல. அவங்ககிட்ட பதிவு எண் இருக்கு. நேரா வாடகை அதிகாரிகிட்ட போகலாம்."

தங்கை சிங்கப்பூரிலிருந்து ஃபோனில் சொன்னது வேறு கோணம். ஆறு மாதம் குடியிருந்த வீட்டுச் சுவரில் அழுக்கே இல்லை. எப்படியும் கூரை வேலைக்குப் பிறகு நாமே வெள்ளையடிக்கத்தான் போகிறோம். அவர்களிடம் எதற்கு வாங்குவது? உடைந்திருந்த குளியலறைக் கதவுக் கைப்பிடிக்கு மட்டும் ரசீதோடு 3,200 ரூபாய் பிடித்து, மீதியை மூன்றாம் வாரத்தில் திருப்பினோம். அந்தத் தம்பதி பிறகு இரண்டு பேரை வீடு பார்க்க அனுப்பினார்கள். அவர்களில் ஒருவர் இப்போது மூன்றாம் வீட்டில் இருக்கிறார்.

கூரை: எடுத்த முடிவு

ஆடியில் இரண்டு வீடு காலி. புரோக்கர் வாடகையை 55,000க்கு இறக்கச் சொன்னார். அண்ணன் நான்கையும் தினவாடகைக்கு விடலாம் என்றார். இரண்டுமே கூரையைத் தொடாத யோசனைகள். வாடகையை இறக்கினாலும் அடுத்த சித்திரையில் ஆள் போகத்தான் செய்வார். தினவாடகைக்கு விட்டால் கோடை நான்கு மாதமும் மோசமான விமர்சனங்கள்தான் வந்து சேரும். அதோடு, பேராசிரியர் இருக்கும் வளாகத்தில் நாளுக்கொரு ஆள் பெட்டியோடு வருவது சரிப்படாது.

கூரைக்கு மூன்று வழி இருந்தன. ஓட்டுக்கு மேல் வெயிலைத் திருப்பும் வெள்ளைப் பூச்சு: மலிவு, ஆனால் இரண்டே மழைக்காலத்தில் பாசியும் தூசியும் ஏறி மங்கிவிடும்; பழைய ஓட்டின் அழகும் போய்விடும். உள்ளே பால்ஸ் சீலிங்: வேலை சுலபம், ஆனால் ஆறு அங்குலம் போனால்கூடப் பின்சுவர் ஓரம் 2.2 மீட்டருக்குக் கீழே இறங்கிவிடும். கூரை தெரியாத லாஃப்டுக்கு யார் கூடுதல் வாடகை தருவார்கள்? மூன்றாவது, ஓடுகளைக் கழற்றி, சட்டத்தின் மேல் பலகையும் அலுமினியத் தாள் ஒட்டிய வெப்பத்தடுப்பு அட்டையும் பரப்பி, காற்றோட இடைவெளி விட்டு, அதே ஓடுகளைத் திரும்ப அடுக்குவது. உள்ளே டிரஸ் அப்படியே தெரியும், உயரமும் போகாது. சதுர அடிக்குச் சுமார் 260 ரூபாய், மொத்தம் எட்டரை லட்சம். செலவு அதிகமானாலும் இதைத்தான் எடுத்தோம்.

ஜூலை கடைசியில் ஆரம்பித்தோம். சென்னையில் அந்தப் பருவத்தில் சாயங்காலம் இடிமழை வரும். அதனால் ஒரு நாளில் மூட முடிந்த அளவு மட்டுமே பிரிப்பது, மாலை நான்கு மணிக்குத் தார்ப்பாய் போடுவது என்று ஓட்டுக்காரர்களோடு பேசிக்கொண்டோம். முதலில் முதல் வீட்டுக் கூரையை முடித்தோம். பேராசிரியரை அங்கே மாற்றிவிட்டு அவர் வீட்டைப் பிரித்தோம்.

கழற்றும்போது எட்டில் ஒரு ஓடு உடைந்தது. மங்களூர் ஓடு எல்லாம் ஒரே அளவு என்று நினைக்கக் கூடாது. தொழிற்சாலைக்குத் தொழிற்சாலை கொக்கியும் பள்ளமும் நூலிழை மாறும். மாற்றுக் கம்பெனி ஓட்டை நடுவில் செருகினால் உட்காராது, மழையில் ஒழுகும். முத்திரை தெரியும் மாதிரி ஓடு ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு, இடித்த வீட்டுச் சாமான் விற்கும் கடைகளில் அலைந்து அதே முத்திரையில் வாங்கி வந்தார் மேஸ்திரி. கட்டிலுக்கு மேலிருந்த கண்ணாடி ஓடுகளை எடுத்துவிட்டு, வெளிச்சத்துக்கு வடக்குச் சரிவில் வீட்டுக்கு இரண்டு மட்டும் வைத்தோம். உச்சியில் காற்றுப்போக்கிகள் திரும்ப வந்தன, இந்த முறை சாரல் தடுப்போடு. சுவர் மேலிருந்த இடைவெளிகளில் சத்தத்தைத் தடுக்கும் கல்கம்பளி (ராக்வூல்) அடைத்துச் சிமென்ட் பூசினோம்.

கண்ணாடி ஓட்டை எடுப்பதற்குத்தான் தங்கையிடம் அதிக நேரம் பேச வேண்டியிருந்தது. படத்தில் நன்றாக இருந்ததே என்றார். இருந்ததுதான்.

பிறகு நடந்தது

நிறைவுச் சான்று அக்டோபரில் வந்தது; நான்கு மீட்டர் நவம்பரில். 2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல். தெருவில் முழங்கால் அளவு தண்ணீர். அந்தக் காலத்தில் காகிதம் நனையக் கூடாது என்று அச்சகத் தரையை மூன்றடி உயர்த்திக் கட்டியிருந்ததால் வீடுகளுக்குள் வரவில்லை. மின்சாரம் இரண்டு நாள் இல்லை. கூரையில் ஒரே ஓர் இடம் ஒழுகியது: நான்காம் வீட்டில், புது அட்டையும் கடைசிச் சுவரும் சேரும் மூலை. தகடு வைத்து அடைத்தோம்.

தை பிறந்ததும் வாடகை 58,000 என்று வைத்து, வீடு பார்க்க வருகிறவர்களைப் பிற்பகல் மூன்று மணிக்கு மட்டும் வரச் சொன்னோம். புரோக்கருக்கு இது பைத்தியக்காரத்தனமாகப் பட்டது. இரண்டு வீடும் பிப்ரவரி முதல் தேதிக்குள் போய்விட்டன.

2024 மே மாதத்தில், அதே இடத்தில், அதே நேரத்தில் மறுபடி அளந்தேன். மேல்தளம் 36, கூரையின் உள்பக்கம் 38. ஏ.சி. போட்ட முக்கால் மணியில் 26க்கு வந்தது. 36 என்பது குளிர்ச்சி இல்லை. மே மாதச் சென்னையில் மொட்டைமாடிக்குக் கீழே இருக்கும் எந்த அறைக்கும் உள்ள சூடுதான். முதல் வீடு 2023இல் 72,000 வீதம் ஆறு மாதத்துக்கு ஈட்டியது 4,32,000. 58,000 வீதம் பன்னிரண்டு மாதம் நிறைந்தபோது 6,96,000. கூரைச் செலவு உடனே வந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். நான்கு வீட்டையும் சேர்த்துப் பார்த்தாலும் சில வருடக் கணக்கு அது. காலி செய்து, ஆள் தேடி, புரோக்கருக்கு ஒரு மாதம் கொடுத்து, மறுபடி ஆரம்பிக்கிற சுற்று நின்றது.

அடுத்த கட்டடத்தில் மாற்றப்போவது

இதே தெருவில் இன்னொரு குடும்பம் பழைய கோடவுன் ஒன்றை இதே மாதிரி மாற்றக் கேட்டிருக்கிறது. அங்கே இடைத்தளத்துக்கு இரும்பு வாங்குவதற்கு முன் கூரை வேலை. வெறும் கட்டடமாக இருக்கும்போதே ஒரு சித்திரையில் இடைத்தள உயரத்தில் வெப்பமானியைத் தொங்கவிட்டுப் பார்ப்பது. மீட்டர்கள் வரும்வரை ஆள் வைப்பதில்லை. மார்கழி வாடகையைச் சீசன் வீட்டுக்கு மட்டும் வைத்துக்கொள்வது. வெள்ளையடிப்பது யார் என்பதை இரு தரப்பும் ஒத்துக்கொண்டு ஒப்பந்தத்தில் எழுதிவிடுவது. எழுத மனமில்லை என்றால் கடைசியில் கேட்காமலிருப்பது.

ஆழ்வார்பேட்டை வீடுகளில் ஒரு விஷயம் பாக்கி இருக்கிறது. இடைத்தளத்துக்கு ஏறும் படி செங்குத்து. கைப்பிடி ஒரு பக்கம்தான் இருந்தது. பேராசிரியர் மறுபடி மேலே படுக்கத் தொடங்கியிருக்கிறார், ராத்திரியில் எழுந்து இறங்க வேண்டியிருக்கிறது என்கிறார். இன்னொரு பக்கக் கைப்பிடி போட்டாகிவிட்டது. படியின் சரிவைக் குறைக்க வேண்டுமானால் கூடத்தில் நான்கடி போகும். அதற்கான வரைபடம் அண்ணனிடம் இருக்கிறது.